சீரோடு வந்த துப்பாக்கி

என் கல்யாணச் சீரில் குத்துவிளக்கு, அண்டா, குடத்தோடு ஒரு துப்பாக்கியும் வந்தது. டிவியில் பறக்கிற வாத்தைச் சுடுவதற்கான பிளாஸ்டிக் துப்பாக்கி. வீடியோ கேம் டப்பாவோடு சேர்ந்தது. சீர் பார்க்க வந்த, மாப்பிள்ளை ஊரான திருத்தங்கல் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பொண்ணு சுட்டுப்புடுவா போல, சூதானமா இருந்துக்கோங்க" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார்கள். சிரிக்கட்டுமே! என் டப்பா, என் உழைப்பில் வாங்கியது.

அப்போது சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. எட்டிப் பார்த்தாலே, "இங்கன பொம்பளப் புள்ளைக்கு என்ன வேல? வீட்டுக்குப் போத்தா" என்று கடைக்காரர் விரட்டுவார். அந்த ஆத்திரத்தில்தான் பட்டாசுக் கம்பெனியில் வாங்கிய முதல் தீபாவளி போனஸில் சொந்தமாகவே ஒன்று வாங்கினேன். "கம்மல் வாங்குவான்னு பாத்தா டப்பாவத் தூக்கிட்டு வாராளே, கூறுகெட்டவ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஆட்டத்தில் வாத்து தப்பிவிட்டால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் குறி தவறும்போதெல்லாம் நாயோடு சேர்ந்து என் வீட்டுக்காரரும் சிரிப்பார். அதற்காக விட்டுவிடுவேனா? தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கிற நாட்களில், வருடம் தவறாமல் விளையாடினேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் விளையாடினேன். வருடம் முழுக்க ஊரார் வெடிக்கப் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறேன். எனக்கென்று நான் சுடுவது இந்த வாத்துகளை மட்டும்தான்.

போன தீபாவளி கழிந்ததும் வீட்டுக்காரர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய குண்டு டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுச் சுவரில் மாட்டுகிற புது டிவி வாங்கி வந்தார். படம் பளிச்சென்று இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆசையாக டப்பாவை மாட்டினேன். வாத்து பறந்தது, சுட்டேன், விழவில்லை. துப்பாக்கியைத் திரையில் முட்டவைத்துச் சுட்டும் விழவில்லை. நாய் மட்டும் சிரித்தது.

"டப்பா செத்துப்போச்சு. பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுரு" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் டப்பாவைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிவி வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரத் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் துப்பாக்கி குண்டு டிவியிலதான் வேல செய்யும்க்கா. புது டிவிக்கு ஆகாது" என்றார்.

"அப்ப என் டிவியக் குடுங்க."

"எக்ஸ்சேஞ்சுல வந்தத எப்பிடிக்கா திருப்பித் தர?"

"என்னயக் கேட்டா எடுத்தீக? கழிச்ச ரூவாய நானே தந்துர்றேன். டிவி வராம இங்கனருந்து எந்திரிக்க மாட்டேன்."

சொன்னபடியே கடை வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் பார்த்துவிட்டு, கடைக்காரத் தம்பியே ரூபாயை வாங்கிக்கொண்டு குடோனிலிருந்து தூக்கி வந்து கொடுத்தார். லோடு ஆட்டோவில் டிவியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன்.

"எல்லாரும் பழசத் தள்ளிவிடுறாக, இவ தூக்கிட்டு வாராளே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"என் டிவி, நான் தூக்குறேன். ஒனக்கெங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

புது டிவிக்குக் கீழேயே ஸ்டூல் போட்டுக் குண்டு டிவியை வைத்தேன். முதல் வாத்து பொத்தென்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், கல்யாணமான நாளிலிருந்து அந்தத் துப்பாக்கியைத் தொடாத மனிதர், கையை நீட்டினார்.

"இங்க குடு. இதென்ன பெரிய வித்தையா?"

கொடுத்தேன். வாத்து பறந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். தப்பியது. மறுபடி சுட்டார். வாத்து பறந்தே போய்விட்டது. புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

நானும் சிரித்தேன். வாயைப் பொத்தவில்லை.