புது பிளேடு

அத்தையைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து கிளம்பிய வேன் விக்கிரவாண்டி தாண்டிவிட்டது என்று போன் வந்த கொஞ்ச நேரத்தில், எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் ரத்தம் ஓடியது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கல்லூரிப் படிப்பு முடித்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவள்தான். ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. பிரம்மதேசத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டு, என் படிப்புக்காகத் திண்டிவனத்தில் வீடு எடுத்திருந்தார். அத்தை ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. பெரிய சண்டை எதுவும் கிடையாது. குழம்பில் உப்பு, குழாயடியில் குடம், டிவியின் சத்தம் என்று தினமும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய விவகாரம் குளியலறை. அத்தை உள்ளே போனால் லேசில் வெளியே வரமாட்டாள். "உள்ள இன்னா மாளிகையா கட்டிக்கினு இருக்கா?" என்று அம்மா காலையில் ஒரு தடவையாவது கேட்காமல் இருந்ததில்லை.

அந்தக் குளியலறை ஜன்னல் ஓரத்தில்தான் அப்பாவின் ஷேவிங் சாமான்கள் இருக்கும். கைப்பிடியைத் திருகினால் தலை கழன்று வருகிற ரேசர். இரண்டு பக்கமும் கூரான பிளேடை நடுவில் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். அப்பா சிக்கனக்காரர். ஒரு பிளேடு போட்டால் அது கன்னத்தைப் பிறாண்ட ஆரம்பிக்கும்வரை மாற்றமாட்டார். கொஞ்ச நாளாக பிளேடெல்லாம் சீக்கிரம் மழுங்குகிறது என்று அவருக்கு ஒரே பேஜாரு. "தகரத்துலதான் பிளேடு போடுறானுங்க போல" என்று கடைக்காரரைத் திட்டுவார். அம்மா தையல் பிரிக்க எடுக்கிறாளோ என்று ஒரு சந்தேகமும் அவருக்கு உண்டு. அம்மா இல்லவே இல்லை என்று சாதிப்பாள். இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று அப்பா விடியற்காலையிலேயே புது பிளேடு போட்டு மழமழவென்று சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை மாட்டி, நாற்காலிகளைக் கூடத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை குளிக்கப் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. நான் புதுப் பாவாடையைப் போட்டுக்கொண்டு, நாடாவை முடிந்துவிடச் சொல்லி அம்மாவின் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தேன்.

போனை வைத்த அம்மா நேராகப் போய்க் குளியலறைத் தகரக் கதவை ஓங்கித் தட்டினாள். "பாப்பா, ஜல்தி வா! விக்கிரவாண்டி தாண்டிட்டாங்களாம்!"

தட்டிய அதே நொடியில் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு சிமெண்டுத் தரையில் இரும்பு விழுந்து உருண்டது.

"இன்னாச்சி? பாப்பா?"

அம்மா தோளால் இடித்தாள். பழைய தாழ்ப்பாள்; இரண்டாவது இடியில் திறந்துகொண்டது.

அத்தை மார்புவரை பாவாடையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்குகிற இடத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஈர உடம்பில் அது பரவி, பாவாடை நனைந்து, காலடித் தண்ணீரெல்லாம் சிவப்பாகிவிட்டது. அவள் முகத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை நுரை. அப்பா காலையில் பூசிக்கொள்கிற அதே நுரை. கதவு திறந்ததும் அத்தை இரண்டு கையாலும் அந்த நுரையைத்தான் மூடிக்கொண்டாள். காயத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

ஆண்கள் செய்துகொள்கிற ஒன்றை அத்தை ஏன் செய்கிறாள் என்பதா, அவள் செத்துப்போகப் போகிறாளா என்பதா, எதற்கு முதலில் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கூடத்திலிருந்து அப்பாவின் குரல்: "அங்க இன்னா சத்தம்?" அவர் செருப்பில்லாத காலோடு ஓடிவருவது கேட்டது. அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து அத்தையின் முகத்தை ஒரே வீச்சில் வழித்துத் துடைத்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் தோளைப் போர்த்தினாள். இன்னொரு துண்டைச் சுருட்டிக் கழுத்தில் வைத்து அழுத்தினாள். அப்பா வந்து நின்றபோது நுரை இல்லை. ரத்தமும், தரையில் கிடந்த ரேசரும்தான் இருந்தன.

அப்பா அந்த ரேசரைப் பார்த்தார். அத்தையின் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த ஈரத் தரையிலேயே, சலவை வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா பண்ணிக்கின?" அவர் குரல் யாரோ ஒருவருடையதாக இருந்தது. "புடிக்கலன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா உன்ன கட்டாயமா படுத்தினேன்?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். "சொல்லிடட்டா?" என்று உதடு மட்டும் அசைந்தது. அத்தை தலையை ஆட்டினாள். ரத்தம் போன முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. "வேணாம் அண்ணி" என்று முனகினாள்.

அம்மா அப்பாவிடம், "வழுக்கி வுழுந்துட்டா" என்றாள். யாரும் நம்ப முடியாத பொய் அது. மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்துத் தெரு நர்ஸம்மா வந்தார். ஆழமான வெட்டு இல்லை, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு ரத்தம் என்று சொல்லித் தையல் போட்டார். அப்பா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் தெருமுனைக்குப் போய் நின்று வேனை மறித்தார். பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னார். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வருவார்கள்? வேனிலிருந்த பெண்கள் கீழேகூட இறங்கவில்லை. பூவும் பழமும் அப்படியே விழுப்புரத்துக்குத் திரும்பிப் போயின.

பொய்யை மெய்யாக்க வாசலில் வேப்பிலை செருகினோம். அக்கம்பக்கத்தில் இளநீர் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் அப்பா வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். ரேசர், மிச்ச பிளேடுகள், கத்தரிக்கோல், தேங்காய் கீறுகிற கத்தி எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டி நிலத்து மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார். இனிமேல் சலூனில்தான் சவரம் என்றார். அம்மாவுக்கு வெண்டைக்காய் நறுக்கக்கூட ஒன்றும் இல்லை. ஒடித்துப் போட்டுச் சமைத்தாள். ராத்திரி நான் அத்தையோடுதான் படுக்க வேண்டும், அவள் எழுந்தால் கூப்பிட வேண்டும் என்று அப்பா எனக்கு உத்தரவு போட்டிருந்தார்.

அத்தை துப்பட்டாவால் வாயையும் தாடையையும் சுற்றிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் துப்பட்டா விலகியபோது பார்த்தேன். தாடையோரம் கறுப்பாக, குத்தலாக, அப்பாவுக்கு இருப்பதுபோலவே முளைத்திருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாள். துணிக்கடைக்குள் நாங்கள் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை ஒன்றில் ஒரு ரேசரும் பிளேடும் கேட்டாள். திண்டிவனத்தில் கிடைக்காததா இது என்று நான் கேட்டதற்கு, "அங்க எல்லாரும் நம்மள தெரிஞ்சவங்க" என்று வாயை அடைத்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அத்தை கழுத்த அறுத்துக்கல, ஷேவ்தான் பண்ணாங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டா அவரு அழமாட்டாரு இல்ல?" என்று கேட்டேன்.

அம்மா ரேசர் இருந்த பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவரு கொஞ்ச நாளு அழுவாரு, அப்புறம் ஓஞ்சிடுவாரு. அத சொல்லிட்டா பாப்பா காலத்துக்கும் அழுவா. நீ வாயத் தொறக்காத."

இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம் அப்பாதான் என்று தோன்றியது.

அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அத்தைக்கு அப்புறம் பனமலைப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அந்த மனிதரிடம் அத்தை தானே முன்கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது வெகுகாலம் கழித்து அம்மா வழியாக எனக்குத் தெரிந்தது. அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமாவே சம்மதமா? எனக்காக சொல்லாத" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போதும் அத்தை வீட்டுக்கு வந்தால் அவளுடைய கழுத்துப் பக்கம் பார்வை போகாமல் பார்த்துக்கொள்வார்.

அம்மை கண்டவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் என்று ஒன்று உண்டு. நாங்கள் விழுப்புரம் போய்வந்த சில நாளில், இல்லாத அம்மைக்கும் அது வந்தது. அப்பா நிலத்துக்குப் போயிருந்தார். அம்மா வெந்நீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, எதிர்வீட்டுக்குத் தெரிகிற மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு, அத்தையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை வெளியே காவலுக்கு நிற்கவைத்தாள்.

"ஆடாத பாப்பா. வாய ஒரு பக்கமா இழுத்துப் புடி."

"கூசுது அண்ணி."

"நான் பயந்து பயந்து வழிக்கிறேன், இவளுக்குக் கூசுதாம்! இந்த அழகுல உங்கண்ணன் எம்மேல பழி போட்டாரு, தையல் பிரிக்கிறேன்னு."

அத்தை சிரித்தாள். முதலில் அடக்கிக்கொண்டு, பிறகு அடக்க முடியாமல். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

அப்போதுதான் பார்த்தேன், அப்பா முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. "தண்ணி ஊத்துறாங்க" என்று உளறினேன். அவர் விரலை உதட்டில் வைத்து என்னைப் பேசவேண்டாம் என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற தங்கையின் சிரிப்பை அப்படியே நின்று கேட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அப்புறம், சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயந்தவர்போல, ஓசைப்படாமல் பின்வாங்கித் தெருவுக்குப் போய்விட்டார்.

அத்தைதான் சிரிக்கிறாளே, இன்னும் எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நிலத்தில் ஏதோ நஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.