மச்சாளுக்கு எழுதிக் கொடுத்த குறிப்புகள்

என் மச்சாளை, என் மாமியின் மகளை, நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுததாகச் சொல்வேன் என்று காத்திருக்கிறார்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஒஸ்லோவில் நான் இருந்த இடம் ரொம்சோஸ், அவள் இருந்த இடம் எல்லிங்ஸ்ருட். தேவாலயத்தில், தமிழ்ப் பூசையில் ஒரே வாங்கில் இருந்து வளர்ந்தோம். பல்கலைக்கழகத்தில் அவள் மின் பொறியியல் எடுத்தாள். நான் மின் பொறியியலும் பௌதிகமும் எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் படிக்க அங்கே தனித் திட்டம் கிடையாது. இரண்டுக்கும் வேறு வேறாகப் பதிந்துவிட்டு, ஒரே நேரத்தில் வருகிற விரிவுரைகளில் எதைக் கைவிடுவது என்று வாரா வாரம் முடிவெடுக்க வேண்டும். ஒரு மின்சுற்று வேலை செய்தால் பொறியியல் ஆசிரியர்களுக்குப் போதும். அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்காமல் எனக்கு இருக்க முடியவில்லை.

மாமி சிரித்தார். “ரெண்டு படிப்போ? முதல் ஒண்டை ஒழுங்கா முடி பிள்ளை, பாப்பம்.”

முதல் வருட முடிவில் ஓர் ஆய்வுகூடப் பயிற்சி வந்தது. அளவீடுகளை இரண்டு பேர் சேர்ந்து எடுக்கலாம், அறிக்கையைத் தனித்தனியே எழுத வேண்டும். நானும் மச்சாளும் சேர்ந்து அளந்தோம். ஒரு சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் அறிக்கை ஏறக்குறைய முடிந்திருந்தது, ஒரு வரைபடம் மட்டும் மிச்சம். நான் கீழ்த்தளத்துக்குப் போய், கட்டிடத்தின் பொது உடுப்புத் தோய்க்கும் அறையில் மெஷினை வெறுமையாக்கிவிட்டு வந்தேன். கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் அவள் என் அறிக்கையைத் தன் பென்ட்ரைவில் ஏற்றிவிட்டாள். அன்று மாலையே தன் பெயரில் சமர்ப்பித்தாள். நான் என்னுடையதைத் திங்கட்கிழமை சமர்ப்பித்தேன்.

சில வாரங்களில் இருவருக்கும் கடிதம் வந்தது. ‘ஃபுஸ்க்’ என்று போட்டிருந்தது. பரீட்சையில் கள்ளம் செய்வதற்கு இங்கே நோர்வேயில் அந்தச் சொல்.

விசாரணை நாளில் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் நாலு பேர். மச்சாளை முதலில் கூப்பிட்டார்கள். அவள் சொன்னதைப் பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ‘இவள் இரண்டு படிப்புப் படிக்கிறாள், இவளுக்கு நேரமே இல்லை, பாவம் என்று என்னுடையதைப் பார்க்கக் கொடுத்தேன், அப்படியே எடுத்துவிட்டாள்.’ நான் ஒரே கோப்பின் மேலேயே திருத்தித் திருத்தி எழுதியிருந்தேன். காட்டுவதற்கு ஒரு பழைய வரைவும் இல்லை. அவளுடையது இரண்டு நாள் முந்தி வந்திருந்தது. நான் எதை விரும்பிப் படித்தேனோ அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஒரு பருவம் என்னை வெளியே போட்டார்கள். பொறியியலில் மட்டுமல்ல, பௌதிகத்திலும்தான். அந்தப் பருவம் முழுக்க மரக்கறிக் குளிர்க் களஞ்சியம் ஒன்றில், கையுறை போட்டுக்கொண்டு அழுகிய குடைமிளகாய்களைப் பொறுக்கினேன்.

அப்பா சொன்னது இவ்வளவுதான்: “அவ என்ரை அக்கா. இஞ்சை எனக்கு இருக்கிறதே அவ ஒராள்தான். விடு.”

பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் மச்சாள் திரும்பிக் கையை நீட்டுவாள். நான் அதைப் பிடித்துக் குலுக்குவேன். ஒவ்வொரு முறையும் அவளுடைய விரல்களைப் பார்த்து, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இரண்டு வருடம் பொறுத்தேன். மின்காந்த அலைகள் பற்றிய பாடம் அவளுக்குத் தலையில் ஏறவில்லை. நான் அதை முந்தின பருவமே முடித்திருந்தேன். மாமி போன் எடுத்தார்.

“பிள்ளை, மச்சாளுக்கு வாய்மொழிப் பரீட்சை வருதாம். உனக்குத்தானே ரெண்டும் தெரியும். பழசை மறந்திட்டு அவளுக்கு ஒருக்காச் சொல்லிக் குடன்.”

“ஓம் மாமி. வடிவா எழுதியே குடுக்கிறன்.”

இரண்டு துறையையும் ஒன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு தலையிடி உண்டு. ஒரே அலையைப் பௌதிகக்காரர் ஒரு குறியோடும் பொறியியல்காரர் அதற்கு எதிரான குறியோடும் எழுதுவார்கள். ஒருவர் ‘ஐ’ என்ற எழுத்தைப் போடுவார், மற்றவர் ‘ஜே’ போடுவார். இரண்டு முறையும் சரி. ஒன்றின் பாதியை மற்றதன் பாதியோடு கலந்தால்தான் எல்லாம் தலைகீழாகும். காலையில் ஒரு கட்டிடத்தில் கூட்டல், மத்தியானம் பக்கத்துக் கட்டிடத்தில் கழித்தல் என்று அலைந்து, முதல் வருடம் நானே எத்தனையோ தரம் அதில் விழுந்து எழும்பியிருக்கிறேன்.

மச்சாளுக்கு நாற்பது பக்கம் எழுதினேன், முழுவதும் பௌதிக முறையில். ஒரு வரிகூடப் பிழை இல்லை. எந்த முறை என்பதையும் முதல் பக்கத்தின் மேலே எழுதிவைத்தேன். அவள் அதை வாசிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஐ இருக்கிற இடமெல்லாம் குறியை மாற்றாமல் ஜே போட்டுப் பாடமாக்குவாள், மிச்சத்தை விரிவுரையிலிருந்து எடுப்பாள். அவளுடன் சின்ன வயதிலிருந்து வளர்ந்தவள் நான்.

இங்கே வாய்மொழிப் பரீட்சையை வெளியாட்களும் போய்ப் பார்க்கலாம். அவளே என்னைக் கூப்பிட்டாள். “நீ பின்னாலை இருந்தாயெண்டால் எனக்குப் பயம் வராது.”

போனேன். பின்வரிசையில் இருந்தேன்.

பரீட்சகர் ஒரு வயதான பெண்மணி. உலோகத்துக்குள் அலை நுழைந்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். உள்ளே போகப் போக அலை தேய்ந்து செத்துவிடும். மச்சாள் பலகையில் நிதானமாக எழுதினாள். உலோகத்தின் சூத்திரம் என் குறிப்பின் குறியோடும், அலையின் சூத்திரம் விரிவுரையின் எதிர்க்குறியோடும் வந்தன. அவளுடைய கடைசி வரியின்படி அலை போகப் போக வளர்ந்தது.

“அப்படியானால் தடிப்பான ஓர் உலோகத் துண்டை வைத்து ஒஸ்லோ முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கலாமா?” என்று பரீட்சகர் கேட்டார்.

மச்சாள் பலகையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கணம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. களஞ்சியத்தின் குளிர் என் கையிலிருந்து இறங்கிப் போனது போல இருந்தது.

பிழையைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் கொடுத்தார்கள். அவளால் முடியவில்லை. சித்தியடையவில்லை என்றார்கள்.

நடைபாதையில் என்னைப் பிடித்தாள்.

“உன்ரை குறிப்பிலை இருந்ததைத்தானே எழுதினனான்.”

“குறிப்பிலை ஒரு பிழையும் இல்லை. முதல் பக்கம் வாசிச்சனியோ?”

அவள் பையிலிருந்து குறிப்பை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். “வேணுமெண்டே செய்தனியோ?”

“ஓம்.”

“அண்டைக்கு விசாரணையிலை எனக்கு வேறை வழி தெரியேல்லையடி. பயந்து போனன்.”

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒத்துக்கொண்டாள். அதுவும் யாரும் இல்லாத நடைபாதையில்.

“அந்த நாலு பேரிட்டைப் போய்ச் சொல்லு. நானும் வாறன்.”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். சொல்லவே இல்லை.

அந்தக் கோடையில் கிடைக்கவிருந்த வேலை அவளுக்கு இல்லாமல் போனது. குறிப்பு விஷயத்தை அறிந்த மாமி எங்களோடு கதைப்பதை நிறுத்தினார். அப்பா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. என் தண்டனைக் காலத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காதவர், பிறகு அவளுடைய பரீட்சைக்காக என்னைக் கேட்டார்: “இதுக்கோ நீ ரெண்டு படிப்புப் படிச்சனி?” நான் ஓம் என்றேன்.

மச்சாள் இலையுதிர் காலத்தில் மறுபடி அந்தப் பரீட்சைக்குத் தோற்றினாள். இம்முறை யாரிடமும் குறிப்பு வாங்காமல் அடியிலிருந்து படித்தாளாம். ‘ஏ’ எடுத்தாள். அதே பாடத்தில் எனக்கு ‘பி’. அதைக் கேள்விப்பட்ட நாள் என் ‘பி’ இருந்த பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

நான் இரண்டு பட்டமும் முடித்தேன், ஒரு பருவம் பிந்தி. போன மாதம் ஒரு நேர்முகத்தில் அந்த வெறும் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எதிரே இருந்தவர் மரியாதையாகத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியே வந்து படியில் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது, மச்சாளுக்கு அந்த ஒரு பரீட்சைத் தோல்வி போதாது என்றுதான் நினைத்தேன்.