ஏசி இல்லாத அறைக்குக் கிடைத்த தீர்ப்பு

இன்று மாரண்டஹள்ளியில் என் மச்சானின் பழைய வீட்டுக்கு அகில உலகப் பேரறிஞர் ஒருவர் எழுந்தருளினார். கரன்ட் பில்லைக் குறைக்க மச்சான் மகன் கூட்டி வந்த இன்ஜினியர்தான்.

லேப்டாப்பில் அந்த வீட்டையே படமாகக் கட்டி, ஒரு வருட வெயிலை ஒரே நொடியில் அதன்மேல் கொட்டினார். மச்சான் படுக்கும் மேற்கு அறை திரையில் எரிமலையாகச் சிவந்தது.

"அந்த ரூமுக்கு ஒண்ணும் செய்ய வேணாங்க. ஏசியே இல்ல, அங்க என்னத்த மிச்சம் புடிக்கறது?" என்றார் இன்ஜினியர்.

"அங்க நான் வேகறனுங்களே!" என்றார் மச்சான்.

"இது கரன்ட் கணக்குப்பா, சும்மா இருங்க" என்றான் மகன்.

நாளை மகனின் ஏசி அறைக்கு மேலே மொட்டை மாடியில் மட்டும் சூட்டைத் தடுக்கும் கூலிங் பெயின்ட். ஏணி பிடிக்கப்போவது மச்சான்.

உங்கள் வீட்டில் கரன்ட் செலவில்லாமல் வேகிறவர் யாருங்க?