எர்ணாவூரிலிருந்து கல்மண்டபம்: காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போன கதை

இதுவரை எழுதிய பயணங்களில் எல்லாம் "கார் இருந்தால் காரில் போங்கள், பஸ்ஸை நம்பாதீர்கள்" என்று அடித்துச் சொன்னவள் நான். போன வியாழக்கிழமை எர்ணாவூரிலிருந்து ராயபுரம் கல்மண்டபத்துக்குக் கிளம்பினேன். ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். காரை வாசலிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். கூட வந்தவர் என் அப்பா. நான் கூப்பிடுவது நைனா என்று.

கல்மண்டபத்தில் என் மாமியார் வீடு இருக்கிறது. நான் அம்மா வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெண்ணை அழைத்துவந்து விட்டால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று மாமனார் சொல்லி அனுப்ப, நைனாவும் தலையாட்டிவிட்டார். எனக்கோ திரும்பிப் போக விருப்பமில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் வழி தெரியவில்லை.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நைனாவுக்குக் காது கேட்காது. தகடு அடிக்கும் பட்டறையில் முப்பது வருஷம் நின்றதில் போய்விட்டது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். வீட்டில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அம்மா குறுக்கே வந்து கைஜாடையில் வேறொன்றைச் சொல்லி முடித்துவிடுவார். புருஷன் வீடுதான் பெண்ணுக்கு வீடு என்பது அம்மாவின் கட்சி.

காரிலும் சொல்ல முடியாது. ஓட்டுகிறவள் ரோட்டைப் பார்க்க வேண்டும், நைனாவோ என் முகத்தைப் பார்க்க வேண்டும். எண்ணூர் கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் பக்கம் திரும்பினால் இரண்டு பேரும் ஒரேயடியாகப் போய்ச் சேரவேண்டியதுதான்.

நைனாவுக்குக் கார்தான் வேண்டும். சம்மந்தி வீட்டு வாசலில் பஸ்ஸிலிருந்து வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றால் மதிப்பார்களா என்று முறைத்துக்கொண்டார். துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசையில் மாட்டினால் மத்தியானம் ஆகிவிடும் என்று பாதி உண்மையும் பாதி பொய்யுமாகச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

காலை பத்து மணிக்கு காசிமேடு வழியாகப் போகிற பஸ் வந்தது. எனக்கு இலவசம், நைனாவுக்குப் பத்து ரூபாய். இடதுபக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும். ஜன்னலோரம் நைனாவை உட்காரவைத்தேன். நான் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும், அவருக்கு என் உதடு தெரியாது.

திருவொற்றியூர் தாண்டும்வரை தைரியம் வரவில்லை. பிறகு அவர் தோளைத் தட்டி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். நைனாவோடு பேசுவதில் இது ஒரு சௌகரியம், ரகசியம் எங்கேயும் பேசலாம். ஆனால் அவர் பதில் சொன்னால் டிரைவருக்கும் கேட்கும். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது.

"அங்க போவ எனுக்கு மனமே இல்ல நைனா."

உதட்டில் 'ம'வும் 'ப'வும் ஒன்று. நான் அதை யோசிக்கவில்லை.

"பணமே இல்லியா? அதுக்கு ஏம்மா மொகத்த இப்டி வச்சிக்கினு கீற? நான் எடுத்துக்கினு வந்துகீறேன்" என்று சிரித்தார் நைனா. மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் காலி மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மா, பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, கவலைப்படாதே என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நெஞ்சில் கையை வைத்துக் காட்டி மறுபடியும் சொன்னேன். நைனா சிரிப்பை நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அடி இல்லை, உதை இல்லை. ஆனால் அந்த வீட்டில் நான் பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காப்பி கொண்டுவா, துணி எடுத்து வை என்பதைத் தவிர இரண்டு வருஷத்தில் என் புருஷன் என்னிடம் பேசியது மிகக் குறைவு. சாப்பிட்டாயா என்றுகூட ஒருத்தர் கேட்டதில்லை.

நைனா என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் போய்க்கொண்டிருந்தது, அதை அவர் பார்க்கவில்லை.

"அந்த வூட்ல எல்லாருக்கும் காது நல்லாதான கேக்குது?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நீ போவாத."

மீன்கூடை அம்மா "அத்த சொல்லு" என்றார். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கல்மண்டபம் வரைக்கும் இருக்கிறது, ஆனால் காசிமேட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம் என்றார். இறங்கினோம்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காசிமேட்டில் மீன் வாங்க வேண்டுமென்றால் விடிவதற்குள் போய்விடுங்கள், அந்த நேரத்தில் கார்தான் வசதி. பத்து மணிக்கு மேல் போனால் பஸ்ஸே மேல், லாரி வரிசையில் நின்றாலும் ஓட்டுகிற அலுப்பு உங்களுக்கு இல்லை. எங்களுக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. எனக்கு அது இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் போலிருந்தது. ரோட்டோரம் சுடச்சுட நெத்திலி வறுவல் கிடைத்தது, இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டோம். நைனா தன் தட்டிலிருந்து எடுத்து எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்புகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமனாருக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காதே என்றேன். கேட்கவேண்டியதில்லை என்றார்.

"சம்மந்தி, நாங்க வரல. எம் பொண்ணு இனிமே எங்க வூட்லதான் இருக்கும்."

அந்தப் பக்கம் மாமனார் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பெண் வளர்த்த லட்சணத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் அவர் விடவில்லை. நைனா போனை மரியாதையாகக் காதிலேயே வைத்துக்கொண்டு, எங்கள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.