அளவெடுக்காத சட்டை

கடைத்தெருவில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்றுதான் பெயர். தையல்காரி. போன மாதம் தைத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்தாலும் டேப்பும் கையுமாக எழுந்துவிடுவாள். நோட்டில் இருப்பது போன மாதத்து உடம்பு என்பாள். இரண்டு தடவை அளக்காமல் அவள் கத்தரி துணியைத் தொடாது. மீன்காரர் தராசையும் நம்பமாட்டாள், மருந்துக்கடைக்காரர் தரும் சில்லறையையும் நம்பமாட்டாள்.

இந்த மகராசி கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஒருவனைத்தான், கூடப்பிறந்த தம்பியை. அவன் சட்டைக்கு மட்டும் அளவே கிடையாது. கண் மதிப்பிலேயே வெட்டிவிடுவாள். அவன் வீட்டுக்கடன் தரகன். எட்டு வருடத்துக்கு முன் அவள் வீட்டை அடமானம் வைத்து, மெஷின்கள் வாங்கப் பணம் புரட்டிக் கொடுத்தவன் அவன்தான். அவன் பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். வட்டி ஏன் இப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனிமேல் தாங்காது. கடனை வேறு இடத்துக்கு மாற்றாவிட்டால் வீடு கையை விட்டுப் போய்விடும். இதற்குள் புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. தரகர் மூன்று இடத்து வட்டியைக் காட்ட வேண்டுமாம். எங்கே தனக்கு எவ்வளவு கமிஷன் என்று தன் கையாலேயே எழுதித் தர வேண்டுமாம். பொய் எழுதினால் உரிமம் போய்விடுமாம். பேன்ட் சுருக்க வந்த வங்கிக் குமாஸ்தா சொன்னார். அவளுக்குச் சட்டத்தின் மேலும் சந்தேகம். ஜனங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று யார் கிளம்பினாலும் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவள் அவள்.

மறுநாள் மத்தியானம் தம்பி ஒரு சட்டைத் துணியோடும், கடனை மாற்றுவதற்கான ஒரு கட்டுக் காகிதத்தோடும் வந்தான். உட்காரக்கூட இல்லை. புள்ளி வைத்த இடங்களைக் காட்டினான்.

பேனாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கடைசி இரண்டு தாள்கள் மூன்று பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்துப் பை மாதிரி மூடியிருந்தன. தைப்பதும் பிரிப்பதும்தானே அவள் பிழைப்பு. தையல் பிரிக்கும் ஊசியால் ஒவ்வொரு பின்னாக நெம்பினாள். உள்ளே மூன்று வட்டிகள், அவன் கையெழுத்தில். இருப்பதிலேயே அதிக வட்டிக்காரனுக்குத்தான் புள்ளி. தம்பிக்கு அதிகக் கமிஷனும் அங்கேதான்.

“என்னடா இது?”

“சட்டத்துக்காக எழுதினது அக்கா. எல்லாரும் வாங்குறதுதான்.”

“போன தடவையும் வாங்கினியா?”

அவன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். குறைந்த வட்டிக்காரன் பெயரில் விரலை வைத்து, அதற்குப் புதுக் காகிதம் கொண்டுவரச் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவசரமாகக் காகிதக் கட்டை அள்ளிக்கொண்டு படி இறங்கியவன், பழக்கதோஷத்தில் திரும்பினான்.

“சட்டை எப்பக்கா ரெடியாகும்?”

அவள் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

“இப்படி வந்து நேரா நில்லு.”

தோளை அளந்தாள். நோட்டில் எழுதினாள். பிறகு மறுபடியும் அளந்தாள்.