மச்சானின் மூன்று விரல்கள்

பெருமையடிக்க நான் எழுதிய ஒரு கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் எனக்கு வேலை. பூனையின் கால் நரம்பில் மெல்லிய கம்பிகளை வைத்துத் தைத்துவிடுவோம். பிறகு அது தன்பாட்டில் நடமாடும். பாதத்தைத் தொட்டால் நரம்பில் ஓடும் சமிக்ஞை ஒலிபெருக்கியில் சடசடவென்று கேட்கும். மாதக்கணக்கில் அதைப் பதிவுசெய்ய வேண்டும். “தொடுகையைக் காதால் கேட்கிறோம்” என்று என் ஊர் சாய்ந்தமருதுக்கு எழுதினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ராத்தாவின் கணவர், என் மச்சான், கல்முனையில் புடைவைக்கடை வைத்திருந்தார். அந்த வருடம் கடையின் கண்ணாடி அலுமாரி உடைந்து அவருடைய வலது மணிக்கட்டை வெட்டியிருந்தது. காயம் ஆறியது. பெருவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. சீலையைத் தடவியே நூலின் தரம் சொல்கிற மனிதர் அவர். என்னை நம்பி ஒரு வருடம் காத்திருந்தார் என்பது விடுமுறையில் வந்தபோதுதான் தெரிந்தது.

வந்த அன்றே கையை என் மடியில் வைத்தார்.

“வயர் கொண்டு வந்தீங்களா மச்சான்?”

“அது கேக்க மட்டுந்தான் மச்சான். போன உணர்ச்சியத் திருப்பித் தர ஏலாது.”

கேட்பதும் நிலைக்காது என்றேன். உடம்பு கம்பியைச் சுற்றித் தழும்பு கட்டிவிடும். சத்தம் கிழமைக்குக் கிழமை தேய்ந்து கடைசியில் வெறும் இரைச்சல் மிஞ்சும். எங்கள் பூனைகளில் அதைத்தான் கண்டோம். அதைமட்டும் நான் ஊருக்கு எழுதவில்லை.

அவர் கோபப்படவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“சரி, உள்ளுக்கு உசிர் இரிக்கா, செத்துப் பெயித்தா எண்டாவது கேட்டுச் சொல்லுங்களன். அது போதும்.”

அதற்கும் என் கையில் ஒரு கருவியும் இல்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஐந்து பேர் ஒரே சகனைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பெரிய தட்டில் சோறு ஆவி பறந்தது. முன்பொரு நாள் மச்சானின் விரல்கள் வெந்து கொப்புளித்தது அவருக்கே தெரியவில்லையாம். அதிலிருந்து பக்கத்தில் இருப்பவர் கை வைத்த பிறகுதான் அவர் வைப்பார் என்று ராத்தா சொல்லியிருந்தார். அன்று பக்கத்தில் நான். அவருக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்ற யோசனையில், ஓரத்தில் ஆறிக்கிடந்த சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, தன் முன்னால் குவிந்திருந்த சோற்றுக்குள் விரல்களைப் புதைத்துப் பிசையத் தொடங்கினார்.

எதிரில் இருந்தவர் பாய்ந்து அவர் கையை இழுத்தெடுத்தார். விரல் நுனிகள் சிவந்திருந்தன. மச்சான் விரல்களைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“சுடுதா மச்சான்?” என்று என்னிடம் கேட்டார்.