ஒரு ஸ்மால் வேலை

அந்தக் குடியிருப்பில் பிளம்பரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘ஸ்மால்’ என்றால்தான் தெரியும். குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வந்து, சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஒரு ஸ்மால் வேலைதாங்க” என்பார். சாயங்காலத்துக்குள் பாதிச் சுவர் வாளியில் கிடக்கும். “வெரி ஸ்மால்” என்றுவிட்டாரோ, விவரம் தெரிந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏமாற்று வேலையெல்லாம் இல்லை. பெரிய வேலை என்று உண்மையைச் சொன்னால் மனிதர்களுக்கு முகம் வெளிறிவிடுகிறது. அதைப் பார்க்க அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

போன வாரம் அவருக்கே கடைவாய்ப்பல் குத்த ஆரம்பித்தது. தாடை வீங்கிய பிறகு, மனைவி இழுத்துக்கொண்டு போய்ப் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார வைத்தாள். டாக்டரம்மா வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பல்லை லேசாகத் தட்டினார். பிறகு பிரியமாகச் சிரித்தார்.

“பயப்படாதீங்க. வெரி ஸ்மால் வேலைதான்.”

ஸ்மாலுக்கு முகம் வெளிறிவிட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உண்மையச் சொல்லிடுங்க டாக்டரம்மா,” என்றார் ஸ்மால். “எந்தச் சுவத்த இடிக்கப் போறீங்க?”